பனித்தளத்தில் வளரும் இளைஞர்: தேசிய ஹொக்கிப் பயிற்சித் திட்டங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

விளையாட்டுப் பொழுதுபோக்கிற்கென எழுந்ததேயாயினும், இக்காலத்தில் அது தொழிலாகவும் வளர்ந்து நிற்றலை நாம் காண்கின்றோம். தொழிலான பின், அத்தொழிலுக்கு ஆளை ஆக்குவது எங்ஙனம் என்ற வினாவும் உடன் எழுகின்றது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்து, 'இவன் பத்தாண்டு கழித்துச் சிறந்த ஆட்டக்காரனாவான்' எனக் கூறுதல் இயலுமா? இயலுமெனின், அவனை வளர்க்கும் முறை யாது? இயலாதெனின், சிலரைத் தெரிந்தெடுத்துப் பலரை விடுத்தல் முறையாகுமா? இவ்வினாக்கள் விளையாட்டுத் துறையோடு நில்லாது, ஆசிரியரும் பெற்றோருமாகிய நம் அனைவரையும் தொடுவன. இவற்றை நம்மூர் மைதானங்களிற் காணாத ஒரு விளையாட்டைக் கொண்டு ஈண்டு ஆராய எண்ணினோம். நமக்குப் பழக்கமான ஆட்டத்தில் நம் விருப்பு வெறுப்புகள் குறுக்கிடும். பழகாத ஆட்டத்தில் நடுவுநிலை எளிதாகும்.

அவ்விளையாட்டுப் பனிக்கட்டி ஹொக்கி. இது நமக்கு முற்றிலும் அயலானதென்றும் கூறுதற்கில்லை. ஈழத்தமிழர் பலர் கனடாவிற் குடியேறி வாழ்கின்றனர். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் மாரிக்காலம் முழுதும் கேட்பதும் காண்பதும் இவ்வாட்டமே.

ஆட்டத்தின் இயல்பு

பனிக்கட்டி ஹொக்கி, நீளம் ஏறத்தாழ 60 மீற்றரும் அகலம் 26 முதல் 30 மீற்றர் வரையும் உள்ள உறைபனித் தளத்தில் ஆடப்படுவது. ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பவர் உட்பட அறுவர் களத்தில் நிற்பர். பந்து இல்லை, கெட்டி இறப்பராற் செய்த வட்டத் தட்டு ஒன்றே உண்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம். தடிப்பு 1 அங்குலம். நிறை 6 அவுன்சுக்கு மேற்படாது. அலகு பூட்டிய சப்பாத்துகளை அணிந்து சறுக்கி விரைந்தவாறே இத்தட்டை நீண்ட தடியாற் செலுத்துதல் வேண்டும். இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நிகழும். ஒருவர் தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேற் களத்தில் நிற்பது அரிது. அத்துணை விரைவிற் களைப்பு வந்துவிடும். அவர் வெளியேற, வேறொருவர் உட்புகுவார்.

இவ்வியல்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, நடத்தலும் ஓடுதலும் போலச் சறுக்குதல் மனிதர்க்கு இயல்பாய் அமைந்ததன்று. அதனைக் குழந்தைப் பருவத்திலேயே பழகாதவன் பின்னர்ப் பழகி முதல்வரிசையை அடைதல் அரிது. ஆதலின் பயிற்சி மிக முன்னதாகவே தொடங்குகின்றது. இரண்டாவது, பனித்தளம் விலையுயர்ந்த பொருள். குளம் உறையும் நாடுகளிலும் இன்று ஆட்டம் பெரும்பாலும் பொறியால் உறையவைத்த மண்டபங்களிலேயே நிகழ்கின்றது. தளத்துக்கு வாடகை உண்டு. சப்பாத்து, தடி, காப்புடை ஆகியவற்றின் விலையும் குறைந்ததன்று. ஆகவே எவனுக்குத் தளம் கிடைக்கின்றது, அதன் செலவை யார் ஏற்கின்றனர் என்ற வினா இவ்விளையாட்டில் முதலிலிருந்தே நிற்கின்றது.

குறுகிய வாயில்

தொழின்முறை ஆட்டத்தின் உச்சி வட அமெரிக்காவிலுள்ள தேசிய ஹொக்கி லீக். 1917 ஆம் ஆண்டில் தோன்றிய இதில் 2021 முதல் 32 கழகங்கள் உள்ளன. இளைஞரை இக்கழகங்கள் தத்தமக்கு விருப்பமானவாறு வாங்கிக் கொள்வதில்லை. 1963 முதல் ஆண்டுதோறும் ஆளெடுப்பு ஒன்று நிகழ்ந்து வருகின்றது. கழகங்கள் முறைவைத்து இளைஞரின் பெயரைக் கூறித் தெரிந்துகொள்ளும். முந்திய பருவத்திற் பின்தங்கிய கழகங்களே முதலிடங்களுக்கு உரியன. அவற்றுள் முதற்றெரிவு எதற்கு என்பது சீட்டுக் குலுக்கலால் முடிவாகும். ஏழு சுற்றும் 32 கழகமும் ஆக ஓராண்டில் 224 பேர்க்கே இடமுண்டு. ஓர் இளைஞன் அவ்வாண்டு செப்ரெம்பர் 15 ஆம் தேதிக்குள் பதினெட்டு வயதை அடைபவனாயிருத்தல் வேண்டும்.

கனடா, ஐக்கிய அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, இரசியா, செக்கியா, சுவிற்சலாந்து முதலிய நாடுகள் அனைத்திலும் ஆடும் இளைஞர் இவ்வொரு வாயிலையே நோக்கி நிற்கின்றனர். தெரியப்பட்டோருள்ளும் பலர் தேசிய லீக்கில் ஓராட்டமேனும் ஆடாமற் போகின்றனர். இவ்வளவு குறுகிய வாயிலை எதிர்நோக்கித் தேசியச் சங்கங்கள் இளைஞரைப் பயிற்றும் வழிகளை இனி ஆராய்வாம்.

அடித்தளம்

பரந்த அடித்தளம் இன்றி உயர்ந்த கோபுரம் நில்லாது. இதனை முதலில் உணர்ந்து செயற்படுத்தியோருள் சோவியத்துப் பயிற்றுநர் அனற்றோலி தராசோவ் ஒருவர். நாடு முழுவதும் உள்ள சிறுவர்க்கெனத் 'தங்கத் தட்டு' என்னும் போட்டி 1964 இல் அங்குத் தொடங்கப்பட்டது. அதனை வளர்த்தவர் அவரே. பனி கிடையாத மாதங்களிலும் தரையில் ஓடியும் தாவியும் உடலைப் பயிற்றும் முறையை அவர் வற்புறுத்தினார். கனடியர் பலர் தம் ஆட்டத்துக்கு ஆசான் வேறெங்கும் இலர் என நினைத்திருந்த காலத்தில் அவருடைய முறை உலகத்தை வியக்கவைத்தது. பின்னர் 1974 இல் ரொறன்ரோவிலுள்ள ஹொக்கிப் புகழ் மண்டபம் அவருடைய பெயரையும் ஏற்றுக்கொண்டது.

ஐக்கிய அமெரிக்க ஹொக்கிச் சங்கம் 2009 இல் அமெரிக்க வளர்ச்சி முறை என ஒன்றை வகுத்தது. அதன் கருத்து எளியது. எட்டு வயதுப் பிள்ளையைப் பெரியோர்க்குரிய முழுத் தளத்தில் விட்டால், அவன் நெடுநேரம் தட்டின் பின்னாற் சறுக்கித் திரிவான். தட்டைத் தொடும் வாய்ப்போ ஒரு சில முறையே கிட்டும். தளத்தைக் குறுக்கே பகுத்துச் சிறு களங்களாக்கினால், ஒரே நேரத்திற் பலர் பயில்வர். ஒவ்வொருவனும் தட்டைப் பன்முறை தொடுவான். நெருக்கத்தில் விரைந்து முடிவெடுக்கவும் பழகுவான். தளவாடகையும் பலரிடையே பகிரப்படும். பெற்றோர் சிலர் இதனை எதிர்த்தனர். தம் மகன் 'உண்மையான' ஆட்டம் ஆடவில்லை என்பது அவர்தம் குறை. சின்னஞ்சிறு கையெழுத்துப் பழகும் பிள்ளைக்குப் பெரிய தாளும் தடித்த கோலும் கொடுக்கும் ஆசிரியர், அப்பெற்றோர்க்கு விடைகூற வல்லவராவர். கனடாவும் சில ஆண்டு கழித்து மிக இளையோர்க்கு இவ்வழியையே கைக்கொண்டது.

மற்றொரு சீர்திருத்தம் உடல்மோதல் பற்றியது. தட்டை வைத்திருப்பவனை உடலால் மோதித் தடுத்தல் இவ்வாட்டத்தில் விதிக்கு அமைந்ததே. ஆனால் எவ்வயதில் அதனை அனுமதிப்பது? கனடாவில் அல்பேட்டா மாகாணத்தில் பதினொரு, பன்னிரு வயதினர்க்கு அது அனுமதிக்கப்பட்டிருந்தது. கியூபெக்கில் அவ்வயதினர்க்கு இல்லை. கல்கரிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இரு மாகாணத்துச் சிறுவரையும் ஒப்பிட்டு 2010 இல் தம் முடிவை வெளியிட்டனர். மோதல் அனுமதிக்கப்பட்ட இடத்திற் காயமுறும் இடர் மூன்று மடங்குக்கு மேற்பட்டிருந்தது. 2011 இல் அமெரிக்கச் சங்கமும் 2013 இல் கனடியச் சங்கமும் அவ்வயதினர்க்கு மோதலை விலக்கின. இவ்விலக்கு வேறொரு நன்மையையும் தந்தது. பன்னிரு வயதிற் பருத்த உடலுடையவன் வலிமையால் வெல்லும் நிலை தளரவே, சிறிய உடலும் கூரிய அறிவும் உடையவன் விலகிப்போகாது நிற்க இடமுண்டாயிற்று.

அமெரிக்கத் திட்டம்

1980 இல் லேக் பிளாசிட்டில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் ஹேர்ப் புறூக்ஸ் பயிற்றிய அமெரிக்கக் கல்லூரி மாணவர் அணி, வெல்லற்கரிய சோவியத்து அணியை 4-3 என வென்று, பின்னர்ப் பின்லாந்தையும் வென்று தங்கம் பெற்றது. எனினும் ஒருமுறை பெற்ற வெற்றி முறையாக அமைந்த வளர்ச்சியாகாது. 1977 இலிருந்து நடைபெற்றுவரும் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 1996 வரையும் அமெரிக்கா ஒருமுறையேனும் தங்கம் பெறவில்லை. திறமையுள்ள சிறுவர் பரந்த நாட்டின் பல மூலைகளிற் சிதறிக்கிடந்தனர். நல்ல எதிரிகளையும் நல்ல பயிற்றுநரையும் ஒருங்கே பெறும் வாய்ப்பு அவர்க்கு இல்லை.

இக்குறையை நீக்குதற்கு 1996 இல் மிச்சிக்கன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் தேசிய அணி வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஜெவ் ஜாக்சன் என்பார் அதன் முதற் பயிற்றுநருள் ஒருவர். 2015 இல் அது அருகிலுள்ள பிளிமத் நகருக்கு மாற்றப்பட்டது. அது நடைபெறும் முறை பின்வருமாறு: ஆண்டுதோறும் பதினைந்து, பதினாறு வயதினருள் ஏறத்தாழ நாற்பது பேரை ஒரு முகாமுக்கு அழைத்து, அவருள் இருபதின்மருக்குச் சற்று மேற்பட்டோரைத் தெரிந்தெடுப்பர். தெரியப்பட்டோர் ஈராண்டு அங்குத் தங்குவர். முதலாண்டில் பதினேழு வயதுக்குட்பட்ட அணியிலும், மறுவாண்டில் பதினெட்டு வயதுக்குட்பட்ட அணியிலும் ஆடுவர். அவர்க்கு விடுதி இல்லை. ஊரிலுள்ள குடும்பங்கள் ஒவ்வொருவரைத் தம் பிள்ளைபோல் ஏற்று வைத்திருக்கும். காலையில் ஊர்ப் பாடசாலைக்குச் செல்வர். பிற்பகலிற் பனித்தளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் உழைப்பர்.

இத்திட்டத்திற் கருதத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. அது வெற்றியைக் குறியாகக் கொள்ளாமை. இவ்வணிகள் தம் வயதினரோடு மட்டும் ஆடுவதில்லை. 2009 ஆம் ஆண்டிலிருந்து ஐக்கிய அமெரிக்க ஹொக்கி லீக்கில் இருபது வயது வரையுள்ள இளைஞரை எதிர்த்து ஆடுகின்றன. மூத்த அணி பல்கலைக்கழக அணிகளையும் எதிர்கொள்கின்றது. ஆதலால் பதினாறு வயதினரின் அணி வென்றதிலும் தோற்றதே மிகுதியாகும் பருவங்கள் பல. பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் இது கசப்பான மருந்து. தம் ஊரில் எந்நாளும் வென்று பழகியவன், இங்குத் தன்னிலும் மூன்றாண்டு மூத்தவனாற் தள்ளுண்டு விழுகின்றான். ஆயின் வலிமையாற் செய்யவியலாததைச் சூழ்ச்சியாற் செய்ய அவன் கற்றுக்கொள்கின்றான். ஆட்ட எண்ணிக்கையிலும் பயிற்சி எண்ணிக்கையே மிகுந்திருத்தல் வேண்டும் என்பதும் அங்குள்ள கொள்கை. ஆட்டத்தில் ஒருவன் கற்றதைக் காட்டுகின்றான், கற்பது பயிற்சியிலேயே.

பயன் தெரியப் பல ஆண்டு சென்றன. 2002 இற் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அமெரிக்கா முதன்முறையாகத் தங்கம் பெற்றது. 2004 இல் ஹெல்சிங்கியில் கனடாவை 4-3 என வென்று இருபது வயதுக்குட்பட்டோர் பட்டத்தையும் முதன்முறை பெற்றது. அரிசோனாப் பாலைநிலத்தில் வளர்ந்த ஒஸ்ரன் மத்தியூஸ் இத்திட்டத்திற் பயின்று, 2016 ஆம் ஆண்டு ஆளெடுப்பில் முதலாமவராகத் தெரியப்பட்டார். 2019 இல் நிகழ்ந்தது இதனினும் பெரிது. அவ்வாண்டு ஜாக் ஹியூஸ் முதலிடம் பெற, அவரோடு அதே அணியைச் சேர்ந்த எண்மர் முதற் சுற்றிலும், மொத்தம் பதினெழுவர் ஏழு சுற்றுகளிலும் தெரியப்பட்டனர். ஓரணியிலிருந்து பதினெழுவர்!

பிற நாட்டு வழிகள்

எல்லா நாட்டினரும் இவ்வழியே சென்றாரல்லர். கனடா தன் இளைஞரை ஓரிடத்திற் கூட்டிவைப்பதில்லை. ஒன்ராறியோ, மேற்கு மாகாணங்கள், கியூபெக்கும் கடலோர மாகாணங்களும் என மூன்று பெரிய இளையோர் லீக்குகள் அங்கு உள்ளன. பதினாறு முதல் இருபது வயது வரையுள்ளோர் அவற்றில் ஆடுவர். தொழின்முறையைப் போலவே பருவமொன்றில் அறுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களும் நெடுந்தூரப் பேருந்துப் பயணங்களும் உண்டு. தேசியச் சங்கத்தின் பணி, கோடையில் இவர்களுட் சிறந்தோரை அழைத்துச் சோதித்து உலகப் போட்டிக்கு அணி அமைத்தலாகும். முன்னர் ஒரு கழகத்தையே நாட்டின் பெயரால் அனுப்பும் வழக்கம் இருந்தது. அது பயன்படாமை கண்டு, சிறப்புத் திட்டம் ஒன்றை வகுத்து, நாடெங்கிலுமிருந்து ஆள் தெரிந்து 1982 இல் அனுப்பினர். அவ்வாண்டே தங்கம் கிடைத்தது. 2023 வரையில் கனடா இருபது முறை அப்பட்டத்தைப் பெற்றுள்ளது.

சுவீடனில் ஊர்க் கழகமே தாய். சிறுவன் ஐந்து வயதிற் சேர்ந்த கழகத்திலேயே பெரியவனாகும் வரை ஆடுதல் அங்குப் பெருவழக்கு. 1959 முதல் மாவட்ட அணிகளுக்கிடையே பதின்ம வயதினர்க்கு ஒரு போட்டி நிகழ்கின்றது. இறுதி ஆட்டம் தொலைக்காட்சியிற் காட்டப்படுவதால் நாடே அதனை அறியும். பதினாறு வயதில் ஹொக்கி உயர்தரப் பாடசாலை எனப்படும் பள்ளிகளிற் சேர்வர். அங்குக் கணிதமும் மொழியும் போல ஹொக்கியும் பாடவேளையில் இடம்பெறுகின்றது. ஏன்ஷெல்ட்ஸ்விக் என்னும் சிறு வடநகரிலிருந்து பீற்றர் ஃபோர்ஸ்பேர்க், மார்க்குஸ் நாஸ்லுண்ட், இரட்டையரான செடின் சகோதரர் ஆகிய நால்வர் எழுந்தமை இம்முறையின் வலிமைக்குச் சான்று. செடின் சகோதரர் 1999 இல் அடுத்தடுத்து இரண்டாம் மூன்றாம் இடங்களில் ஒரே கழகத்தாற் தெரியப்பட்டனர்.

பின்லாந்தின் மக்கட்டொகை ஏறத்தாழ 56 இலட்சம். எனினும் இருபது வயதுக்குட்பட்டோர் பட்டத்தை 1987, 1998, 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் அது வென்றுள்ளது. ஆளெண்ணிக்கையால் வெல்ல இயலாத நாடு பயிற்றுநரை ஆக்குவதில் முயன்றது. வியருமாக்கி என்னும் ஊரிலுள்ள விளையாட்டுக் கல்விநிலையம் இவ்வகையிற் புகழ்பெற்றது. கோல் காப்போர்க்கெனத் தனிப் பயிற்றுநரை இளையோர் அணிகளிலேயே அமர்த்துவதும் அந்நாட்டு வழக்கம். தேசிய லீக்கின் சிறந்த கோல் காப்பாளர்க்குரிய விருதை 2006 இல் மீக்கா கிப்ருசோவ், 2014 இல் தூக்கா றாஸ்க், 2018 இல் பெக்கா றின்னே எனப் பின்லாந்தர் மூவர் பெற்றனர்.

இம்மூன்று வழிகளும் வெவ்வேறாயினும் ஒன்றிற் பொருந்துகின்றன. ஆற்றலுள்ள சிறுவனுக்கு அவனிலும் சற்று மேம்பட்ட எதிரியையும், அவனைக் கவனித்துத் திருத்தும் பயிற்றுநரையும், இடையறாது பயிலத் தளத்தையும் கொடுத்தலே எங்கும் அடிப்படை.

தெரிதலின் குறைகள்

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். 1985 இல் றொஜர் பார்ன்ஸ்லி என்னும் கனடிய உளநூலறிஞரும் அவருடன் ஆராய்ந்தோரும் ஒரு புதுமையை வெளியிட்டனர். சிறந்த ஹொக்கி ஆட்டக்காரருள் சனவரி, பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிற் பிறந்தோர் தொகை மிகுதி. ஆண்டிறுதி மாதங்களிற் பிறந்தோர் தொகை குறைவு. இதற்குக் கோள்நிலை காரணமன்று. வயதுப் பிரிவுக்கு எல்லை சனவரி முதலாம் நாள். ஒரே பிரிவில் நிற்கும் ஒன்பது வயதினருள் சனவரியிற் பிறந்தவன் திசெம்பரிற் பிறந்தவனிலும் பதினொரு மாதம் மூத்தவன். அஃது அச்சிறு வாழ்நாளிற் பத்திலொரு பங்கு. அவன் உயரமும் வலிமையும் 'திறமை' எனக் கொள்ளப்படும். நல்ல அணி, நல்ல பயிற்றுநர், மிகுந்த தளநேரம் என்பன அவனுக்கே செல்லும். சில ஆண்டில் அவன் உண்மையிலேயே திறமையுள்ளவன் ஆகிவிடுவான். தெரிந்தவர் தம் தெரிவு சரியென மகிழ்வர். விடுபட்ட திசெம்பர்ப் பிள்ளை என்னவாகியிருப்பான் என்பதை எவரும் அறியார்.

நாட்கணக்கின் விளையாட்டை மத்தியூஸின் வரலாறும் காட்டும். அவர் 1997 செப்ரெம்பர் 17 இற் பிறந்தவர். ஆளெடுப்பின் எல்லை செப்ரெம்பர் 15. இரண்டு நாளால் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் அவர் சுவிற்சலாந்து சென்று சூரிச்சு நகர்க் கழகத்தில் வளர்ந்த ஆடவரோடு ஆடினார். வலியோர்க்கு இத்தகைய தடை பயிற்சியாகவும் மாறும். மற்றையோர்க்கு அவ்வாறு ஆவதில்லை.

அளவுகோலும் பிழைக்கும். 2019 அணியில் 64 ஆட்டங்களில் 72 கோல்கள் அடித்த கோல் கோபீல்டு, 15 ஆம் இடத்திலேயே தெரியப்பட்டார். அவருடைய உயரம் 5 அடி 7 அங்குலமாயிருந்தமை கழகத்தாரை அஞ்சவைத்தது. மேலே கூறிய பெக்கா றின்னே 2004 இல் 258 ஆம் இடத்திற் தெரியப்பட்டவர். அக்காலத்தில் ஒன்பது சுற்றுகள் இருந்தன. 224 பெயரோடு நின்றுவிடும் இற்றை ஆளெடுப்பில் அவருக்கு இடமே இராது!

இன்னுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கொனர் ஹெலபக். தேசியத் திட்டம் நடைபெறும் அதே மிச்சிக்கன் மாநிலத்தில் அவர் பிறந்து வளர்ந்தார். ஆயினும் அத்திட்டத்தில் அவர் இடம்பெறவில்லை. தம் ஊர்ப் பாடசாலை அணிக்கே கோல் காத்தார். பின்னர் ரெக்சசு மாநிலத்து ஒடெசாவிற் கீழ்நிலை லீக் ஒன்றில் ஆடி, 2012 இல் 130 ஆம் இடத்திற் தெரியப்பட்டு, பல்கலைக்கழகம் சென்று முதிர்ந்தார். சிறந்த கோல் காப்பாளர் விருதை 2020, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிற் பெற்றார். 2025 இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் அவரையே சேர்ந்தது. வாயிலருகே நின்றவனை வாயில்காப்போர் கண்டிலர். அவர்மீது குறைகூற நாம் இதனை எழுதவில்லை. பதினைந்து வயதில் அவனிடம் இல்லாத ஒன்று இருபது வயதில் வந்தது. அத்திட்டத்துக்கு வெளியேயும் ஒரு பாதை திறந்திருந்தமையால் அவன் காக்கப்பட்டான். இதுவே நாம் கொள்ளத்தக்க பாடம்.

வீட்டின் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. ஹியூஸ் குடும்பத்திற் குவின், ஜாக், லூக் என்னும் மூவரும் இத்திட்டத்திற் பயின்று முதற் சுற்றிலேயே தெரியப்பட்டனர். தந்தை பயிற்றுநர், தாய் அமெரிக்க மகளிர் அணியில் ஆடியவர். அவ்வீட்டிற் கல்வி தொட்டிலிலேயே தொடங்கிற்று. ஆனால் 2004 இல் ஹெல்சிங்கியில் அமெரிக்காவின் வெற்றிக் கோலுக்குரியவரான பற்றிக் ஓசலிவனின் கதை வேறு. அவரும் இத்திட்டத்தின் பழைய மாணவரே. தம்மைப் பெரிய ஆட்டக்காரனாக்க வேண்டுமென்ற வெறியாற் தந்தை ஆண்டுக்கணக்காகத் தம்மை அடித்து வருத்தியதை 2015 இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியுள்ளார். சுற்றியிருந்த பெரியோர் கண்டும் காணாதிருந்தனர் என்பது அவர் மனத்திற் தங்கிய துயரம். சறுக்கும் விரைவைக் கணக்கிடக் கருவி உண்டு. பிள்ளையின் முகத்தைப் பார்த்து 'வீட்டில் யாது நிகழ்கின்றது?' எனக் கேட்கும் ஒருவர் இல்லையெனின், திட்டம் எத்துணைச் சிறப்பாயினும் என்ன பயன்?

தெரியப்படாதோர்

ஒரு பயிற்சிக்கூடத்தை அதன் வெற்றியாளரைக் கொண்டு மதிப்பிடுதல் எளிது. வெற்றி பெறாதோர் என்னவாயினர் எனக் கேட்டல் அரிது. ஆனால் அதுவே உண்மையான தேர்வு. வாயில் குறுகியதாதலால், நல்ல திட்டமும் பெரும்பாலோரைத் தொழின்முறை ஆட்டக்காரராக்க இயலாது. பதினாறு வயதில் வீட்டை விட்டு, பிறர் வீட்டில் உண்டு உறங்கி, நான்காண்டு உழைத்த பின் இருபது வயதில் 'உனக்கு இடமில்லை' எனக் கேட்கும் இளைஞன் கையில் வேறென்ன உண்டு?

இதற்கு நாடுகள் வெவ்வேறு விடை கண்டுள்ளன. சுவீடனில் அவன் கையில் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் உண்டு. அமெரிக்கத் திட்டத்தினர் ஊர்ப் பாடசாலையிற் படித்துப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் செல்கின்றனர். கனடிய இளையோர் லீக்குகளில் ஒரு பருவம் ஆடியவனுக்கு ஓராண்டுப் படிப்புச் செலவு என்ற கணக்கிற் சில நிபந்தனைகளோடு உதவி உண்டு.

ஆயினும் நெடுங்காலமாக ஒரு தடை நின்றது. கனடிய லீக்குகளில் ஆடியவனைத் தொழின்முறையாளனாகக் கருதி, அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டிகளிற் சேர்க்க மறுத்தனர். பதினாறு வயதிற் கனடிய வழியா, கல்லூரி வழியா எனத் தெரிந்த பின் திரும்ப இயலாது. பதினாறு வயதுப் பிள்ளை எடுக்கும் முடிவுக்கு இது மிகப் பாரமானது. 2024 நவம்பரில் இவ்விதி மாற்றப்பட்டது. 2025 ஓகத்து முதலாம் நாளிலிருந்து கனடிய லீக் இளைஞர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆடலாம். இதனால் அமெரிக்கத் திட்டத்துக்குப் போட்டி மிகும். கல்லூரியை நாடுவோர்க்கு அதுவே நேர்வழி என்ற நிலை தளரும். அது திட்டத்தாருக்கு இடராயினும் இளைஞருக்கு நன்மையென்றே நாம் கருதுகின்றோம். ஒரு வாயில் மூடினும் மறுவாயில் திறந்திருத்தல் அவர்க்கு வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நான்கு கருத்துகள் பெறப்பட்டன. குழந்தைப் பருவத்திற் தெரிதலைப் பிற்போட்டுப் பலரையும் பயிற்றுதல் வேண்டும் என்பது ஒன்று. தெரிந்த பின் அவர்க்கு வெற்றியைக் காட்டிலும் வளர்ச்சியையும், எளிய எதிரியைக் காட்டிலும் வலிய எதிரியையும் கொடுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தெரிவோர் தவறுவர் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, பிந்தி வளர்வோனுக்குப் பாதையைத் திறந்து வைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. ஆட்டம் கைவிட்ட நாளிலும் கைவிடாத கல்வியை ஒவ்வொருவனுக்கும் கொடுத்தல் வேண்டும் என்பது நான்காவது. இவற்றுள் முதலிரண்டும் சிறந்த ஆட்டக்காரரை ஆக்கும். பின்னிரண்டும் அத்திட்டம் மனிதத்தன்மையுடையதா என்பதைக் காட்டும்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர், தம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்றோரை இப்போது நினைந்து பார்ப்பாராக. முதல் வரிசையில் இருந்தவர் எவர், பின்வரிசையில் இருந்தவர் எவர், இன்று அவர் எங்கெங்கு நிற்கின்றனர்? பதினைந்து வயதில் ஆசிரியர் கூறிய சோதிடம் எத்தனை பேரிற் பலித்தது? விடை அவரவர்க்கே தெரியும். ஆசிரியராய் இருப்போரும் இனி ஆகப்போவோரும், அவ்விடையை மனத்திற்கொண்டு, தம்முன் நிற்கும் சிறுவனை நோக்குவாராக. அணியிற் பெயர் வராத பையனுக்கு நாளையும் மைதானத்திற் பந்தும் இடமும் உண்டு என்பதை உறுதிசெய்தல் அவர்தம் கடன்.